அடகுக்குப் போன சங்கிலியும் மூன்று ஊசிகளும்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பத்தைந்து நிமிஷம் என் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தவர்கள்தானே நீங்கள். இன்னும் ஒரு பதினைந்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய மாணவன் ஒருவன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம். உங்களில் பலருக்கு அவனைத் தெரியும். பள்ளி வாலிபால் அணியில் நெட்டுக்கு மேலே எழும்பி அடிப்பான். அவன் அடித்த பந்து சத்துணவுக் கூடத்து ஓட்டை உடைத்த கதை அன்றைக்கு ஸ்டாஃப் ரூம் வரை வந்தது. இப்போது அவனுக்கு 26 வயது. டோர்னமென்ட் டோர்னமென்டாக ஆடிக்கொண்டு, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைக்காதா என்று காத்திருக்கிறான். என் வீட்டு வாசலில் இருப்பது மூன்றே படி. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

முழங்கால் சில்லுக்குக் கீழே வலி. ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. குதித்துக் குதித்து ஆடுபவர்களுக்கு வருவது என்பதால் இதற்கு 'ஜம்பர்ஸ் நீ' என்றே பெயர். நகரத்தில் ஒரு கிளினிக்கில் பி.ஆர்.பி. ஊசி போட்டிருக்கிறார்கள். மூன்று வாரம், மூன்று ஊசி. ஸ்கேன், பரிசோதனை எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய். அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது. நாலு மாசம் ஆகியும் அவனால் குதிக்க முடியவில்லை.

காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "இன்னும் மூணு ஊசி போட்டா சரியாயிரும்ங்கிறாங்க டீச்சரம்மா. கம்மலையும் வச்சிரலாமான்னு பாக்குறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

அந்தக் கேள்விக்கு நான் அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்பதை உங்கள் எல்லோருக்கும் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஏனென்றால் இதே ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா என்று என் அண்ணன் மகன் கேட்டிருக்கிறான், ஓடப் போய்க் குதிகாலைக் கெடுத்துக்கொண்ட 2003 பேட்ச் பையன் ஒருவன் கேட்டிருக்கிறான், முழங்கை வலிக்காக என் நாத்தனாரும் கேட்டிருக்கிறார்.

நான் டாக்டர் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். என்னிடம் படித்து டாக்டரானவர்கள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும். தப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஆனால் கடைசி வரை படித்துவிட்டு எழுதுங்கள்.

முதலில் பி.ஆர்.பி. என்றால் என்ன என்று பார்ப்போம்.

நம் ஊரில் பிளேட்லெட் என்ற சொல்லை அறிமுகப்படுத்தியது டெங்கு. எட்டாம் வகுப்பில் 'இரத்தத் தட்டுகள்' என்று நான் கத்திக் கத்திச் சொன்னபோது தூங்கியவர்கள்கூட, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததும் "கவுண்ட் எவ்வளவு?" என்று கேட்கக் கற்றுக்கொண்டீர்கள். சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். அடிபட்டு ரத்தம் வந்தால் முதலில் ஓடிவந்து அடைப்பவை இவைதான். அடைப்பதோடு நிற்பதில்லை. தங்களுக்குள் வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்களை வெளியே விடும். காயம் ஆறும் வேலை அதிலிருந்து தொடங்குகிறது.

இதிலிருந்து பிறந்த யோசனைதான் பி.ஆர்.பி. உங்கள் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுக்கிறார்கள். சென்ட்ரிஃப்யூஜில் வைத்துச் சுற்றுகிறார்கள். மோர் கடைந்தால் வெண்ணெய் திரண்டு பிரிவது போல, சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும், பிளாஸ்மா மேலே நிற்கும். பிளேட்லெட் செறிவாக உள்ள பகுதியை மட்டும் உறிஞ்சி எடுத்து, வலிக்கிற இடத்தில் ஊசியாகப் போடுகிறார்கள். ரத்தத்தில் இருப்பதைவிட மூன்று மடங்கு, ஐந்து மடங்கு பிளேட்லெட் அதில் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

அழகான யோசனை. கேட்டவுடன் நம்பத் தோன்றுகிறது. "வெளி மருந்து எதுவும் இல்லை, உங்க ரத்தமே உங்களுக்கு மருந்து" என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? என் சண்டை இந்த யோசனையோடு இல்லை. யோசனை அழகாக இருந்தால் போதும், வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை என்கிற வியாபாரத்தோடுதான்.

ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் ஒரு சோதனை செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? செம்பருத்திச் செடியை இருட்டில் வைத்து, பிறகு ஓர் இலையின் ஒரு பகுதியை மட்டும் கறுப்புத் தாளால் மூடி, வெயிலில் வைத்தோம். பின்னால் அயோடின் விட்டுப் பார்த்தபோது மூடாத பகுதி நீலக் கறுப்பாக மாறியது, மூடிய பகுதி மாறவில்லை. மூடிய பகுதி எதற்கு என்று கேட்டேன். "ஒப்பிட்டுப் பாக்க, டீச்சர்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் அது சோதனையே ஆகாது.

மனிதர்களுக்கும் அப்படித்தான். நாள்பட்ட வலி ஒரே சீராக இருக்காது. ஏறும், இறங்கும். மிகவும் வலிக்கிற மாசத்தில்தான் நாம் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அதற்கப்புறம் எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதோடு ஊசி போட்ட பிறகு ஓய்வு எடுக்கிறோம், சிலர் உடற்பயிற்சி செய்கிறோம், காசு கொடுத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையும் சேர்கிறது. இவ்வளவும் நடக்கும்போது ஊசிதான் குணமாக்கியது என்று எப்படித் தெரியும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாமே.

இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, சிலருக்கு பி.ஆர்.பி., சிலருக்கு வெறும் உப்புத் தண்ணீர். எல்லோரிடமும் ரத்தம் எடுக்க வேண்டும். ஊசிக் குழாயை மூடிவிட வேண்டும். யாருக்கு எது என்று போட்டுக்கொள்பவருக்கும் தெரியக் கூடாது, பின்னால் வலியை அளப்பவருக்கும் தெரியக் கூடாது. இப்படிச் செய்து பார்த்தார்களா? பார்த்தார்கள். பல முறை பார்த்தார்கள். முடிவுகளைச் சொல்கிறேன், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று. நெதர்லாந்தில் குதிகால் நாணில், அதாவது அக்கிலஸ் டெண்டனில், நாள்பட்ட வலி உள்ள 54 பேர். பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர். எல்லோருக்கும் ஒரே உடற்பயிற்சி. 24 வாரம் கழித்து, 100க்குப் போடும் மதிப்பெண்ணில் பி.ஆர்.பி. போட்டவர்கள் 21.7 புள்ளி முன்னேறினார்கள். உப்புத் தண்ணீர் போட்டவர்கள் 20.5. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இது ஜாமா என்னும் மருத்துவ இதழில் 2010 ஜனவரியில் வந்தது.

இரண்டு. ஆள் போதவில்லை, இன்னும் பெரிதாகச் செய்ய வேண்டும் என்றார்கள். பிரிட்டனில் 240 பேரை வைத்துச் செய்தார்கள். அதே குதிகால் நாண். ஒரு பிரிவுக்கு பி.ஆர்.பி., மற்றவர்களுக்கு நாணைத் தொடாமல் தோலுக்கடியில் ஊசி குத்தும் பாசாங்கு மட்டும். ஆறு மாதம் கழித்து மதிப்பெண் 54.4, 53.4. இதுவும் ஜாமாவில்தான், 2021ல்.

மூன்று. நம் பையனுக்கு வந்த அதே முழங்கால் நாண் வலி. 57 விளையாட்டுக்காரர்கள். வெள்ளணுக்கள் அதிகம் உள்ள பி.ஆர்.பி. ஒரு பிரிவுக்கு, வெள்ளணுக்கள் குறைந்த பி.ஆர்.பி. இன்னொரு பிரிவுக்கு, மூன்றாவது பிரிவுக்கு உப்புத் தண்ணீர். எல்லோருக்கும் மேற்பார்வையோடு உடற்பயிற்சி. ஒரு வருஷம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். மூன்று பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. 2019ல் வெளிவந்தது.

நான்கு. தொடையின் பின்பக்கத் தசை புதிதாகக் கிழிந்த 80 விளையாட்டுக்காரர்கள். நாள்பட்ட வலி இல்லைதான், ஆனால் சீக்கிரம் களத்துக்குத் திரும்பலாம் என்று சொல்லித்தான் அங்கேயும் விற்றார்கள். பி.ஆர்.பி. போட்டவர்கள் திரும்ப 42 நாள் ஆனது. உப்புத் தண்ணீர் போட்டவர்களுக்கும் 42 நாள்.

ஐந்து. இது என் வயதுக்காரர்களுக்கு. மூட்டுத் தேய்மானத்துக்கு ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்துச் செய்த ஆய்வு. வாரம் ஒன்றாக மூன்று ஊசி. ஒரு வருஷம் கழித்து வலி பி.ஆர்.பி.யில் 2.1 புள்ளி குறைந்தது, உப்புத் தண்ணீரில் 1.8. குருத்தெலும்பு வளர்ந்ததா? இரண்டு பக்கமும் கொஞ்சம் தேய்ந்துதான் இருந்தது. பி.ஆர்.பி.யில் 1.4 சதவீதம், உப்புத் தண்ணீரில் 1.2. "ஜவ்வு மறுபடி வளரும்" என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போர்டு வைத்திருப்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்கிறார்கள்?

இந்த ஐந்தையும் சேர்த்துப் பாருங்கள். உப்புத் தண்ணீர் போட்டவர்களும் முன்னேறியிருக்கிறார்கள். அதனால்தான் கிளினிக் வாசலில் நின்று பத்துப் பேரைக் கேட்டால் ஆறு பேர் "நல்லாருக்கு" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நலத்துக்கு 45,000 ரூபாய் தேவைப்பட்டதா என்பதுதான் கேள்வி.

இனி நீங்கள் கேட்கப்போவதை நானே கேட்டு, நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

"டென்னிஸ் எல்போவுக்கு இது வேலை செய்கிறது என்று ஆராய்ச்சி இருக்கிறதே டீச்சர்?"

இருக்கிறது. மறைக்க மாட்டேன். 2010ல் 100 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு வருஷம் கழித்து, ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களைவிட பி.ஆர்.பி. போட்டவர்கள் நன்றாக இருந்தார்கள். ஆனால் ஸ்டீராய்டு யார்? அது முதல் சில வாரம் வலியைக் குறைத்துவிட்டு, வருஷக் கணக்கில் பார்த்தால் நிலைமையை மோசமாக்கக் கூடியது. 2013ல் ஜாமாவில் வந்த 165 பேர் ஆய்வில், வெறும் உப்புத் தண்ணீர் போட்டவர்களைவிட ஸ்டீராய்டு போட்டவர்கள் ஒரு வருஷத்தில் பின்தங்கித்தான் இருந்தார்கள். நொண்டியோடு ஓடி ஜெயித்ததை வைத்து ஓட்டக்காரன் என்று பட்டம் கொடுக்கலாமா?

2014ல் 230 பேர் ஆய்வு ஒன்று வந்தது. 24 வாரத்தில் பி.ஆர்.பி. போட்டவர்களில் 83.9 சதவீதம் பேருக்குப் பலன், மற்றவர்களில் 68.3 சதவீதம். பி.ஆர்.பி.க்கு ஆதரவாக எல்லோரும் காட்டுவது இதைத்தான். ஆனால் 24 வாரக் கணக்கில் இருந்தது 119 பேர்தான். பரீட்சை எழுதியவர்களில் பாதிப் பேர் விடைத்தாளை மட்டும் திருத்தி வகுப்பின் தேர்ச்சி சதவீதம் போட்டால் ஹெட்மாஸ்டர் விடுவாரா? பி.ஆர்.பி. இல்லாமலேயே நூற்றுக்கு 68 பேருக்குப் பலன் கிடைத்ததையும் கவனியுங்கள். பிறகு 2021ல் காக்ரேன் குழு முழங்கை வலி ஆய்வுகள் 32ஐ, 2,337 பேர் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. சொல்லிக்கொள்ளும்படியான பலன் பெரும்பாலும் இல்லை என்பதுதான் முடிவு.

"பெரிய பெரிய வீரர்கள் போட்டுக்கொள்கிறார்களே?"

ஆமாம். இந்த ஊசி பிரபலமானதே அப்படித்தான். 2009ல் அமெரிக்க ஃபுட்பால் வீரர் ஹைன்ஸ் வார்டு முழங்காலில் அடிபட்டு இதைப் போட்டுக்கொண்டு, இரண்டே வாரத்தில் சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் ஆடினார். அவர் அணி ஜெயித்தது. உலகம் முழுக்கச் செய்தி. ஆனால் அவருடையது புதுக் காயம், நம் பையனுடையதைப் போல வருஷக் கணக்கில் ஊறிய வலி இல்லை. ஊசி போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யாருக்கும் தெரியாது. கறுப்புத் தாள் ஒட்டாத இலை அது. அதோடு அவரைச் சுற்றி பிசியோதெரபிஸ்டுகள், பயிற்சியாளர்கள் என்று ஒரு படையே இருந்தது. நம் பையனைச் சுற்றி அவன் அம்மாவும் கிளினிக் ரசீதும்.

இன்னொரு வேடிக்கை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா, 2010ல் தசைக்குள் பி.ஆர்.பி. போடுவதைத் தடை செய்தது. 2011ல் தடையை எடுத்துவிட்டது. ஆட்டத்திறனைக் கூட்டுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் காரணம். தடை நீங்கியதையே நற்சான்றிதழ் போலக் காட்டி விற்றவர்கள் உண்டு.

"சொந்த ரத்தம்தானே, கெடுதல் ஒன்றும் இல்லையே?"

உடம்புக்குப் பெரிய ஆபத்து இல்லைதான். போட்ட இடத்தில் சில நாள் வலி கூடும். ஊசி குத்தும் எந்த வேலையிலும் உள்ளது போல் கிருமி போகும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. ஆனால் கெடுதல் என்றால் உடம்பில் மட்டும்தானா? இரண்டு பவுன் சங்கிலி கெடுதல் இல்லையா? அதற்கு மாசாமாசம் கட்டும் வட்டி? இதையெல்லாம்விடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. ஊசி வேலை செய்யும் என்று காத்திருந்த நாலு மாசம். 26 வயது விளையாட்டுக்காரனுக்கு நாலு மாசம் என்றால் எவ்வளவு என்று பி.டி. மாஸ்டர்களைக் கேளுங்கள்.

"இது புதுசு டீச்சர், ஆராய்ச்சி போகப் போக வரும்."

மேலே சொன்ன முதல் ஆய்வு 2010ல் வந்தது. அன்றைக்கு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இன்றைக்கு ஓட்டுப் போடுகிறது. இன்னும் எத்தனை வருஷத்துக்கு இது புதுசு? பி.ஆர்.பி. தயாரிப்பதில் இன்னும் ஒரு பொது அளவுகூட நிலைபெறவில்லை. ஒரு இடத்தில் ஒரு தடவை சுற்றுகிறார்கள், இன்னொரு இடத்தில் இரண்டு தடவை. ஒருவர் ஒரு ஊசி என்கிறார், இன்னொருவர் மூன்று. நம் பையனின் காகிதங்களை எல்லாம் புரட்டிப் பார்த்தேன். அவனுக்குள் போன திரவத்தில் எத்தனை பிளேட்லெட் இருந்தது என்று எங்கேயும் இல்லை. எண்ணவே இல்லை. டெங்குக் காய்ச்சலுக்குத் தினமும் கவுண்ட் எடுக்கிறோம். பிளேட்லெட்டையே மருந்தாக விற்கும்போது அதை எண்ணாமல் விற்கிறார்கள். காய்கறிக் கடையில்கூடத் தராசு இருக்கிறது.

இப்போது மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன். ஊசி வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது?

நாள்பட்ட தசைநாண் வலியில் என்ன நடக்கிறது என்று புரிந்தால் வழி தெரியும். தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் கயிறுதான் தசைநாண். புதுக் கயிற்றில் இழைகள் ஒரே திசையில் அடுக்காக ஓடும். தாங்க முடியாத பாரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் இழைகள் கலைந்து சிக்கலாகிவிடும். அங்கே புண் போல வீங்கிச் சிவந்து இருப்பது குறைவு. கயிற்றின் தரம் கெட்டுப் போவதுதான் பிரச்சினை. அந்த இழைகளை உண்டாக்கும் செல்கள் எதற்கு வேலை செய்யும்? இழுவிசைக்கு. அளவான பாரம் கிடைத்தால் நாண் பலப்படும். ஒன்றும் கிடைக்காவிட்டால் இன்னும் பலவீனமாகும். அதனால்தான் "ஆறு மாசம் அசையாம இரு" என்பதும் உதவாது, வலியோடு தினமும் குதிப்பதும் உதவாது.

ஸ்வீடனில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்று ஓர் எலும்பு மருத்துவர். அவருக்கே குதிகால் நாணில் வலி இருந்தது. அவரும் கூட இருந்தவர்களும் ஓட்டப் பழக்கமுள்ள 15 பேரை வைத்து 1998ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. ஒரு சுற்றுக்கு 15 தடவை, மூன்று சுற்று, தினம் இரண்டு வேளை, 12 வாரம். கொஞ்சம் கொஞ்சமாக முதுகில் பாரம் ஏற்றிக்கொள்வது. அந்த 15 பேரும் பழையபடி ஓடினார்கள். 15 பேர் என்பது சின்னக் கணக்குதான், உண்மை. ஆனால் அதற்குப் பிறகு பல நாடுகளில் செய்த ஆய்வுகளால் இந்த வழி நிலைத்துவிட்டது. முழங்கால் நாணுக்கு டென்மார்க்கில் 2009ல் 39 பேரை வைத்துப் பார்த்தார்கள். பாரத்தை மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கும் பயிற்சி செய்தவர்களின் முன்னேற்றம் ஆறு மாசம் கழித்தும் நின்றது. ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்கு முதலில் கிடைத்த பலன் நிற்கவில்லை.

இதற்கு ஆகும் செலவு என்ன? ஒரு படிக்கட்டு. புத்தகம் அடைத்த ஒரு பை. நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் சில தடவை போய், எவ்வளவு பாரம், எப்போது கூட்டுவது, எவ்வளவு வலி வரை தாங்கலாம் என்று கற்றுக்கொள்ளும் கட்டணம். பிறகு மூன்று மாசப் பொறுமை. இந்தக் கடைசிப் பொருளைத்தான் எந்தக் கிளினிக்கும் விற்க முடியாது.

நம் பையனுக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டேன். ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்துக் காட்டினான். நாலு படம் இருந்தது. யாரும் செய்து காட்டவில்லை. எத்தனை நாள், எத்தனை பாரம் என்று எழுதவில்லை. ஊசிக்கு 45,000, பயிற்சிக்கு ஒரு ஜெராக்ஸ். முழு விஷயமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

என் கதையும் ஒன்று. முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதி எழுதி எனக்கே 'டென்னிஸ் எல்போ' வந்தது. டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டதில்லை, பேர் மட்டும் டென்னிஸ். பால் பாத்திரம் தூக்க முடியாது. ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா சொல்லி, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக இறக்கும் பயிற்சி செய்தேன். ஐந்து மாசத்தில் சரியாயிற்று. இதையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் கதையிலும் கறுப்புத் தாள் இல்லை. தானாகவே சரியாகியிருக்கலாம். ஆனால் தானாகச் சரியாகக் கூடிய ஒன்றுக்கு நான் சங்கிலியை அடகு வைக்கவில்லை.

டாக்டரான என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை.

உங்களில் யாரும் ஏமாற்ற வேண்டும் என்று தொழிலுக்கு வந்தவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். நோயாளி வலியோடு வந்து "ஏதாவது செய்யுங்க" என்று நிற்கும்போது வெறும் பயிற்சி சொல்லி அனுப்புவது கஷ்டம். பாதிப் பேர் செய்ய மாட்டார்கள், பக்கத்துக் கிளினிக்குக்குப் போய்விடுவார்கள். அதுவும் தெரியும். ஆனால் இதைவிடப் பிள்ளைகள் கேட்காத பாடத்தை எல்லாம் நான் நடத்தியிருக்கிறேன். கேட்கவில்லை என்பதற்காகத் தப்பான பாடத்தை நடத்தியதில்லை. பிரிட்டனில் நைஸ் என்னும் அரசு அமைப்பு, இந்த மாதிரி சொந்த ரத்த ஊசியை நாண் வலிக்குப் போடுவதானால், பலன் உறுதியில்லை என்பதை நோயாளிக்குப் புரியும்படி சொல்லி, சம்மதம் வாங்கி, முடிவுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2013லேயே சொல்லிவிட்டது. நான் கேட்பதும் அவ்வளவுதான். "இதைவிட உப்புத் தண்ணீர் சளைத்ததில்லை என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன" என்ற ஒரு வாக்கியத்தை அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் கம்மலைக் கழற்றினால் அது அவர் முடிவு. சொல்லாமல் வாங்கினால் அது உங்கள் முடிவு.

மற்றவர்கள் யாராவது இந்த ஊசிக்குப் போவதாக இருந்தால், காசைக் கட்டும் முன் இந்த ஐந்து கேள்வியைக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

1. எனக்கு வந்திருக்கும் இந்தக் குறிப்பிட்ட வலியில், உப்புத் தண்ணீரோடு ஒப்பிட்டு பி.ஆர்.பி. ஜெயித்த ஆய்வு எது?

2. போடப்போகும் திரவத்தில் பிளேட்லெட்டை எண்ணுவீர்களா? ரசீதோடு அந்த எண்ணிக்கையைத் தருவீர்களா?

3. முழுசாக 12 வாரம் பாரப் பயிற்சி செய்து பார்த்துவிட்டேனா? இல்லையென்றால் அதை ஏன் முதலில் செய்யக் கூடாது?

4. மூன்று ஊசியிலும் கேட்கவில்லை என்றால் அடுத்து என்ன? அதே ஊசி மறுபடியும் என்றால், எந்த ஆதாரத்தில்?

5. எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? எழுத்தில் தாருங்கள்.

முதல் கேள்விக்கே பதிலாக "பேஷண்டுகள் எல்லாம் நல்லாருக்குன்னு சொல்றாங்க" என்று வந்தால், காபி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'பட்' என்று சத்தம் கேட்டு நாண் அறுந்தது போல் தோன்றினால், காலை ஊன்றவே முடியாவிட்டால், மூட்டு திடீரென வீங்கிக் காய்ச்சலும் வந்தால், இரவில் தூங்க விடாத வலி இருந்தால், இந்தப் பதிவை மூடிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். நான் பேசுவது மாசக் கணக்கில் இழுக்கும் பழைய வலியைப் பற்றி மட்டும்.

அந்தப் பையன் இப்போது நம் 1996 பேட்ச் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போகிறான். முதல் தடவைக்கு மட்டும் காசு வாங்கினார், அதுவும் நான் வற்புறுத்தியதால். சுவரில் சாய்ந்து மெதுவாக உட்கார்ந்து எழுந்திருக்கிறான். பாரம் இன்னும் ஏற்றவில்லை. குதிப்பதற்கு இன்னும் எத்தனை மாசம் ஆகுமோ, ஸ்போர்ட்ஸ் கோட்டா தேர்வுக்குள் சரியாகுமோ, எனக்குத் தெரியாது. சரியாகும் என்று அவன் அம்மாவுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தவர்களிடம் பட்டதே அவர்களுக்குப் போதும்.

கம்மல் அவர் காதில்தான் இருக்கிறது. சங்கிலியை மீட்க வழி பார்க்க வேண்டும். வாலிபால் டீமில் அவனோடு ஆடியவர்கள் இதைப் படித்தால் எனக்குத் தனியாக போன் செய்யுங்கள். இங்கே கீழே எழுத வேண்டாம், அவன் ரோஷக்காரன்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்